இயங்க மறுத்த இயந்திரம்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே அளந்து எழுதியுள்ளனர். எத்தனை குதிரை வலு, மணிக்கு எத்தனை மைல், எந்தப் பந்தயத்தில் எவ்வண்டி வென்றது என்பனவே அந்நூல்களின் பக்கங்களை நிரப்புகின்றன. ஆயினும், ஓடாது நின்ற வண்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. காலையில் வேலைக்குப் புறப்பட்டவரையும், நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச்செல்ல வந்தவரையும் ஒருங்கே தெருவில் நிறுத்திவைத்த இயந்திரத்தை மனிதர் எவ்வாறு ஆராய்ந்தனர், அதன் பிழையை எவ்வாறு கண்டனர் என்பதே அவ்வரலாறு. அதனையே இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

பெற்றோல் இயந்திரம் ஒன்று உயிர்பெறுவதற்கு வேண்டுவன நான்கு. முதலாவது, பெற்றோலாவியும் காற்றும் தக்க அளவிற் சேர்ந்த கலவை. இரண்டாவது, அக்கலவையை உருளையினுள்ளே இறுக்கும் அமுக்கம். மூன்றாவது, உரிய கணத்திலே அதனைப் பற்றவைக்கும் மின்பொறி. நான்காவது, இவை யாவும் நிகழத் தொடங்குமாறு இயந்திரத்தை முதன்முதல் சுழற்றிவிடும் புறவிசை. இந்நான்கும் அமைந்தால் இயந்திரம் எழுந்தே தீரும். எழவில்லையெனின், இந்நான்கனுள் ஒன்றேனும் குறைந்துள்ளது என்பது திண்ணம். பழைய காரொன்றின் முன்மூடியைத் திறந்து நிற்கும் மெக்கானிக்கின் அறிவு முழுவதும் இந்த ஒரு தர்க்கத்தினுள் அடங்கும். அவர் தேடும் ஒவ்வொரு பிழையும் ஒருகாலத்தில் ஓர் அறிஞரின் உறக்கத்தைக் கெடுத்த சிக்கலாகும்.

1860ஆம் ஆண்டிலே, பாரிசில் வாழ்ந்த லெனுவார் என்பார் வாயுவினால் இயங்கும் இயந்திரம் ஒன்றை அமைத்து, அதனை மின்பொறியாற் பற்றவைத்தார். அதில் அமுக்கம் இல்லை. ஆதலின் எரிபொருளை அது பெரிதும் விழுங்கிச் சிறிதளவே வேலை செய்தது. 1876ஆம் ஆண்டிலே ஜேர்மனியரான ஒட்டோ, உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு அடிப்புக்களைக் கொண்ட இயந்திரத்தை நிறைவேற்றினார். இன்றைய பெற்றோல் கார்களின் இயந்திரம் அதன் வழித்தோன்றலே. ஆனால், ஒட்டோவின் இயந்திரம் தொழிற்சாலையின் ஒரு மூலையில் அசையாது நின்று வேலை செய்தது. அதனைச் சில்லுகளின் மேலேற்றித் தெருவுக்குக் கொணர்ந்தபோதுதான் உண்மையான தொல்லைகள் தொடங்கின.

1886ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் மன்ஹைம் நகரத்துக் காள் பென்ஸ் தமது மூன்று சில்லு வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். வண்டி ஓடியது, எனினும் அதனை நம்பி வாங்குவார் அரியராயினர். இந்நிலையில், 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாட் காலை, அவருடைய மனைவியார் பேர்த்தா பென்ஸ், கணவரிடம் கூறாமலே, தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, தம் தாயார் வாழ்ந்த போர்ட்ஸ்ஹைம் நகரை நோக்கி அவ்வண்டியிற் புறப்பட்டார். தூரம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. அதற்குமுன் அத்துணைத் தூரம் எவரும் மோட்டார் வண்டியிற் சென்றதில்லை. வழியில் எரிபொருள் நிலையம் என்பது கிடையாது. வீஸ்லொக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்குவதற்கு விற்கப்பட்ட லிக்ரோயின் என்னும் எண்ணெயை வாங்கி ஊற்றிக்கொண்டு அவர் பயணத்தைத் தொடர்ந்தார்.

அப்பயணத்தில் இயந்திரம் இருமுறை அவரைச் சோதித்தது. ஒருமுறை எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டது. தமது தொப்பியிற் குத்தியிருந்த நீண்ட ஊசியைக் கழற்றி அவ்வடைப்பைக் குத்தி நீக்கினார். மற்றொருமுறை மின்கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் ஒழுகியது. தமது காலுறைக் கட்டை அவிழ்த்து அதனைச் சுற்றிக் காப்பிட்டார். இச்செய்தி ஒரு பெண்மணியின் துணிவுக்குச் சான்றாகவே வழக்கமாக எடுத்துரைக்கப்படுகின்றது. ஆனால் அதில் வேறொரு சிறப்பும் உண்டு. நின்றுபோன இயந்திரத்தின் முன்னே அவர் திகைத்து நிற்கவில்லை. குறை எரிபொருளிலா, மின்பொறியிலா என்று பகுத்துப் பார்த்தார். அந்த இரண்டு கேள்விகளே இற்றைவரை எந்தக் கராஜிலும் முதலிற் கேட்கப்படும் கேள்விகள். இயந்திரத்தைப் படைத்தவர் காள் பென்ஸ். ஆயினும், படைத்தவர் அருகில் இல்லாதபோதும் அதனைச் செப்பனிட்டு ஓட்டலாம் என்று உலகுக்குக் காட்டியவர் பேர்த்தா அம்மையாரே.

இவ்விரு கேள்விகளுள் மின்பொறி பற்றியதே நெடுங்காலம் தீராதிருந்தது. பென்ஸ் மின்சுருளையும் மின்கலத்தையும் பயன்படுத்தினார். மின்கலமோ விரைவிற் சோர்ந்துவிடும். அவரது சமகாலத்தவரான டைம்லர் மின்சாரத்தை நம்பாது, உருளையிற் பொருத்திய சிறு குழாயொன்றை விளக்குச் சுவாலையாற் செந்நிறமாகக் காய்ச்சி, அதன் வெப்பத்தாற் கலவையைப் பற்றவைத்தார். பெற்றோற் கலத்துக்கு அணித்தே எப்போதும் ஒரு தீச்சுடர்! காற்றில் அது அணைந்தால் வண்டி நிற்கும்; வண்டி கவிழ்ந்தாலோ தீப்பிடிக்கும். இவ்வல்லலைத் தீர்த்தது ஸ்ருட்காட் நகரத்தில் ரொபேட் பொஷ் நடத்திய பட்டறையாகும். காந்தங்களின் நடுவே கம்பிச்சுருளை அசைத்து மின்சாரம் பெறும் மக்னீற்றோ என்னும் கருவியை, 1897ஆம் ஆண்டிலே அப்பட்டறையினர் வண்டியொன்றிற் பொருத்தினர். அங்கு பணியாற்றிய ஹொனல்ட் என்னும் பொறியியலாளர், 1902ஆம் ஆண்டளவில், உயர் அழுத்த மக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் அமைத்துத் தந்தார். மின்கலம் இல்லாமலே, இயந்திரம் தன் சுழற்சியினாலேயே தன் பொறியை ஆக்கிக்கொள்ளும் நிலை தோன்றியது.

எரிபொருட் பக்கத்திலும் முன்னேற்றம் ஏற்பட்டது. தொடக்கத்திலே, எண்ணெயின் மேற்பரப்பின்மீது காற்றைச் செலுத்தி ஆவியைப் பெற்றனர். குளிர்ந்த நாளில் ஆவி குறையும். தெருவின் குலுக்கத்தில் அளவு மாறும். 1893ஆம் ஆண்டளவில் டைம்லரின் துணைவரான மைபாக், நுண்டுளையொன்றின் வழியே பெற்றோலைக் காற்றோட்டத்தில் விசிறும் காபுரேற்றரை அமைத்தார். அன்றுமுதல், மயிரிழையளவான அத்துளையில் ஒரு மணல் அகப்பட்டாலும் வண்டி நிற்கும் என்பதும் விதியாயிற்று. பேர்த்தா அம்மையாரின் தொப்பியூசிக்கு வேலை ஒழிந்துவிடவில்லை.

மேற்கூறியவை யாவும் கைகூடியபின்பும், முதற் சுழற்சியைக் கொடுப்பது மனிதக் கையே. பென்சின் முதல் வண்டியில், பின்புறத்திருந்த பாரமான சக்கரத்தைக் கையாற் சுழற்றினர். பின்னர் வந்த வண்டிகளில், முன்புறத்துளையிற் கைப்பிடித் தண்டைச் செருகிச் சுற்றினர். இது வலிமை மாத்திரம் வேண்டும் வேலையன்று. அறிவும் வேண்டும் வேலை. பொறி வேளைக்குமுன் விழுந்துவிட்டால், கலவை முந்தி எரிந்து இயந்திரத்தைப் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி சுழன்று கையை முறிக்கும். இவ்வாறு மணிக்கட்டின் பக்கத்து எலும்பு முறிவதற்குச் சாரதி முறிவு என்றே மருத்துவர் பெயரிட்டனர். ஆங்கில வைத்திய நூல்களில் அப்பெயர் இன்றும் வழங்குகின்றது. ஆதலால், கைப்பிடியைச் சுற்றுமுன் பொறி விழும் வேளையைப் பிந்தவைக்க வேண்டும். பெருவிரலால் தண்டைச் சுற்றிப் பிடியாது, ஏனைய விரல்களின் பக்கத்திலேயே அதனையும் வைக்க வேண்டும். கீழ்நோக்கி அமுக்காது, மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்று புதிய சாரதிகளுக்குப் போதிக்கப்பட்டது. இவ்விதிகளை மறந்தவர்களுக்கு இயந்திரமே ஆசிரியராயிற்று.

அக்காலத்தில் அமெரிக்காவிலே கடிலாக் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஹென்றி லீலண்ட் என்பார், தம் நண்பரொருவர் கைப்பிடி உதைத்ததால் ஏற்பட்ட காயத்தின் விளைவாக உயிரிழந்தமை கேட்டு மனம் நொந்து, இக்கைப்பிடியை ஒழிக்க வழி தேடினார் என்பர். வழி கண்டவர் டேற்றன் நகரத்துச் சாள்ஸ் கெற்றரிங். அவர் அதற்குமுன் கடைகளிற் பணம் பதியும் பொறிக்கு மின்மோட்டார் அமைத்தவர். ஓயாது சுழலவேண்டிய மோட்டாரே பருமனாக இருத்தல் வேண்டும். ஒரு நொடி மாத்திரம் பேராற்றல் காட்டி ஓய்வது சிறிதாயினும் போதும் என்பது அவ்வேலையில் அவர் கண்ட உண்மை. இயந்திரத்தைச் சுழற்ற மின்மோட்டார் அமைப்பதாயின் அது வண்டியளவு பருமனாகும் என்று பிறர் கருதியிருந்த வேளையில், இவ்வுண்மையைக் கொண்டே அவர் 1911ஆம் ஆண்டில் ஸ்ராட்டரை நிறைவேற்றினார். 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்கள் அதனுடன் விற்பனைக்கு வந்தன. பற்றரி, கொயில், பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்றிபியூற்றர் ஆகியவற்றாலான எரிபற்றல் முறையும் கெற்றரிங்கின் ஆக்கமே. அவருடைய இவ்விரு அமைப்புக்களும், பின்வந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக, உலகின் பெரும்பாலான கார்களிற் குடிகொண்டிருந்தன. எனினும் மாற்றம் ஒரேநாளில் நிகழவில்லை. 1908ஆம் ஆண்டு தொடக்கம் 1927ஆம் ஆண்டு வரை 150 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் ஆக்கப்பட்ட போர்ட் நிறுவனத்து ரி மொடல் கார்களில், 1919ஆம் ஆண்டளவிலேதான் ஸ்ராட்டர் இடம்பெற்றது. அதுகாறும் உழவரும் வைத்தியரும் கைப்பிடியையே சுற்றினர்.

இலங்கையில் 1950களிலும் 1960களிலும் தெருக்களை நிறைத்த ஒஸ்ரின் ஏ 40, 1948ஆம் ஆண்டிற் பிரித்தானியாவில் வெளிவந்த மொறிஸ் மைனர் ஆகிய கார்கள் இந்நெடிய வரலாற்றின் விளைச்சல்களே. அவற்றில் ஸ்ராட்டரும் உண்டு. ஸ்ராட்டர் கைவிட்டால் உதவக் கைப்பிடியும் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் வாகன இறக்குமதி சுருங்கவே, வந்த கார்களைச் சாகவிடாது காக்கும் கடமை நம் நாட்டு மெக்கானிக்குமாரின் தலையில் வீழ்ந்தது. அவர்களுட் பலர் இயந்திரவியல் நூலைத் திறந்தும் பாராதவர். எனினும் அவர்களின் ஆராய்ச்சி முறை எந்த விஞ்ஞானியும் மெச்சத்தக்கது.

ஸ்ராட்டரை அமுக்கும்போது இயந்திரம் சுழல்கின்றதா என்று முதலிற் பார்ப்பர். சுழலவில்லையெனின், முன்விளக்கை ஏற்றிவைத்து மீண்டும் அமுக்குவர். விளக்கு மங்கி அவியுமாயின் பற்றரி சோர்ந்துள்ளது, அல்லது அதன் முனைகளிற் பூத்த உப்பு மின்னோட்டத்தைத் தடுக்கின்றது. சுழன்றும் பற்றாவிடின், பிளக்கொன்றைக் கழற்றிக் கம்பியிற் பொருத்தி, அதன் உடலை இயந்திர இரும்பிலே தொடவைத்துச் சுழற்றுவர். நீலநிறப் பொறி பளிச்சிட்டால் மின்பக்கம் குற்றமற்றது. பொறியில்லையேல் டிஸ்றிபியூற்றரின் மூடியைத் திறப்பர். மழைக்காலத்தில் அதனுட் படிந்த ஈரமே பெரும்பாலும் குற்றவாளி. உலர்ந்த துணியால் துடைத்ததும் கார் உயிர்பெறும். அன்றேல், பொயின்ற் எனப்படும் தொடுமுனைகள் கருகியிருக்கும். அவை அடிக்கடி கருகுமாயின், அருகிலுள்ள கண்டென்சர் பழுதுற்றதென்று கொள்வர்.

பொறி நன்றாயின், கழற்றிய பிளக்கின் நுனியைப் பார்ப்பர். அது உலர்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் அளவுக்கு மிஞ்சி வந்துள்ளது. மொறிஸ் மைனரில் எரிபொருட் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. திறப்பைத் திருப்பியதும் அது ‘டிக், டிக்’ என்று ஒலித்துக் காபுரேற்றர் நிரம்பியதும் அமைதியடையும். ஒலியே எழாவிடின் அதன் தொடுமுனை ஒட்டிக்கொண்டது; மெல்லத் தட்டினால் விழித்துக்கொள்வதும் உண்டு. கடுவெயிலில் ஏற்றம் ஏறிவந்த கார் நின்றுவிட்டால், குழாயினுள்ளே பெற்றோல் ஆவியாகித் தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டது என்று உணர்ந்து, பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருப்பர். குளிர்நாட்டில் ஆவி போதாமையால் நின்ற அதே இயந்திரம் வெப்பநாட்டில் ஆவி மிகுந்தமையால் நிற்கின்றது! நுவரெலியாவின் விடியற்காலையில் இன்றியமையாததான சோக், கொழும்பின் நண்பகலிற் பிளக்குகளை நனைத்துக் கேடு விளைப்பதும் இக்காரணத்தாலேயே. பொறியும் பெற்றோலும் இருந்தும் இயந்திரம் அசையாதாயின், பிளக்குத் துளையைப் பெருவிரலால் மூடிச் சுழற்றி, அமுக்கம் விரலைத் தள்ளுகின்றதா என்று அறிவர். இவ்வாறு, ஒன்றை ஐயுற்று, சோதித்து, விலக்கி, அடுத்ததற்குச் செல்லும் ஒழுங்கே அவர்களின் முதற் கருவி. கண்டதையெல்லாம் ஒருங்கே கழற்றுபவர், இருந்த பிழையோடு இன்னும் இரண்டைச் சேர்ப்பார்.

இவ்வறிவு பொழுதுபோக்கன்று என்பதை, 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாடு கண்டது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோலும் பற்றரியும் அங்கு செல்வது தடைசெய்யப்பட்டது. மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நோயாளியும், சந்தைக்குச் செல்லவேண்டிய விளைபொருளும் அதற்காகக் காத்திருத்தல் இயலுமோ? கிடைத்தது மண்ணெண்ணெய், அதுவும் அருமையாகவே கிடைத்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆதலின் பொறி விழுந்தும் பற்றாது. இயந்திரம் சூடேறிவிட்டாலோ, அதே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். இவ்விரு உண்மைகளையும் அறிந்தோர், சிறு போத்தலிற் பேணிவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றரில் விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். ஒஸ்ரின் ஏ 40 முதலான முதிய கார்கள் வாடகைக்கு ஓடின. மோட்டார்ச் சைக்கிள்களும் அவ்வாறே ஓடின. பற்றரி இல்லாத காரைக் கைப்பிடி எழுப்பியது. கைப்பிடிக்கு எழாததைப் பலர் கூடித் தள்ளி எழுப்பினர்.

இந்த உத்தி உலகுக்குப் புதிதன்று. 1917ஆம் ஆண்டில் வெளிவந்த போட்சன் உழவு இயந்திரமும், பின்னர் பிரித்தானியாவில் ஆக்கப்பட்ட பேகுசன் உழவு இயந்திரங்களுட் சிலவும், பெற்றோலில் எழுந்து மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெயில் உழுதன. ஆனால் அவற்றுக்கு அதற்கென்றே வெப்பமூட்டும் அமைப்பு இருந்தது. யாழ்ப்பாணத்துக் கார்களுக்கோ அது இல்லை. அக்குறையைச் சாரதியின் அறிவே நிரப்பிற்று. விலையும் கொடுக்க நேர்ந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளையின் சுவர்வழியே இறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது, இயந்திரம் தட்டியது, கரும்புகை கக்கியது, உறுப்புக்கள் விரைவில் தேய்ந்தன. ஆயினும் இயந்திரம் எழுந்தது. அமுக்கம் குறைந்த, எளிய காபுரேற்றரைக் கொண்ட பழைய கார்களே இவ்வன்முறையைத் தாங்கின. கணக்கிட்டுப் பெற்றோலைச் செலுத்தும் புத்தம்புதிய கார்கள் தாங்கியிரா. நாகரிகத்தின் கடைசி வரிசையில் நின்ற வண்டி, நெருக்கடியின்போது முதல் வரிசைக்கு வந்தது.

இன்றைய கார்களில் டிஸ்றிபியூற்றர் இல்லை, பொயின்ற் இல்லை, காபுரேற்றரும் இல்லை. பொறியின் வேளையையும் பெற்றோலின் அளவையும் மின்னணு மூளை தீர்மானிக்கின்றது. அவை நின்றுபோவது அரிது, எரிபொருளையும் சிக்கனமாகக் கொள்கின்றன, கையையும் முறிப்பதில்லை. இந்நன்மைகளை மறுப்பது பேதைமையாகும். எனினும், அவை நின்றால் உரியவர் செய்யக்கூடியது மிகச் சிறிதே. குறை இன்னதென்று கூறவும் இன்னொரு மின்னணுக் கருவி வேண்டும். பழைய கார் தன் நோயைப் புகையாலும் மணத்தாலும் ஒலியாலும் தானே கூறியது. கேட்பதற்குப் பழகிய செவியே வேண்டியிருந்தது. அச்செவியுடைய முதிய மெக்கானிக்குமார் நம்மிடையே அருகி வருகின்றனர். அவர்கள் கற்றவற்றுட் பெரும்பகுதி ஏட்டில் ஏறவில்லை.

பேர்த்தா அம்மையாரின் தொப்பியூசிக்கும், யாழ்ப்பாணத்துச் சாரதியின் பெற்றோற் போத்தலுக்கும் இடையே நூறாண்டு கடந்துள்ளது. தேசம் வேறு, மொழி வேறு, காலத்தின் துயரும் வேறு. இருவரும் செய்ததோ ஒன்றே: இயந்திரம் ஏன் நின்றது என்று அறிந்து, கையில் உள்ளதைக்கொண்டு அதனை எழுப்பினர். பழைய கார்களைக் காட்சிப்பொருளாகப் பேணுவோர் பலர் உளர், அது நற்பணியே. ஆயின் அவற்றை எழுப்பும் அறிவையும் எழுதிப் பேணுதல் வேண்டும். முதிய மெக்கானிக் ஒருவரின் அருகில் இளைஞர் ஒருவர் தாளும் எழுதுகோலும் கொண்டு சில மாலைப்பொழுதுகள் அமர்ந்தால் அப்பணி தொடங்கிவிடும். அதற்குரிய காலம் நெடிதன்று.